பதினாறு பக்கம் ஒரே பெயர்

பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் ஒரு பழைய பேரேடு இருக்கிறது. கெட்டி அட்டை, முதுகில் துணி ஒட்டியது, மூலைகள் மழுங்கிப்போனது. ஒரு சீசனுக்கு ஒரு பக்கம். மேலே வருஷம், அதற்கடியில் கோச்சின் பெயர், பிறகு வரிசையாக ஒவ்வொரு ஆட்டமும்: எதிரணி, நம் ஸ்கோர், அவர்கள் ஸ்கோர். 1961ல், அவருக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, அவருடைய அப்பா தொடங்கிவைத்தது. அப்பா போன பிறகு மகன் எழுதுகிறார். ஒரு கோச் போய்விட்டால் பெயர்மேல் ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் ஒரு கோடு.

மெல்போர்னில் வயது பார்க்காமல் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறோம், அவரையும் அப்படித்தான். ஆனால் தமிழில் எழுத உட்கார்ந்தால் எழுபதைத் தாண்டியவரைப் பெயர் சொல்லி எழுதக் கை வரவில்லை. பெரியவர் என்றே எழுதுகிறேன்.

செயின்ட் கில்டா என்ற ஆஸ்திரேலியக் கால்பந்துக் கிளப்பின் மேல் எனக்கு இருக்கும் ஆதங்கம் முழுவதும் அந்தப் பேரேட்டில் இருக்கிறது. 1961 முதல் 1976 வரை பதினாறு பக்கங்களிலும் ஒரே பெயர், ஆலன் ஜீன்ஸ். எங்களுடைய ஒரே கோப்பை, 1966ன் கோப்பை, அந்தப் பதினாறு பக்கத்துக்குள் இருக்கிறது. அதற்குப் பிறகு இன்றுவரை பதினைந்து பேர் வந்திருக்கிறார்கள். கோப்பை வரவில்லை.

ஃபுட்டி என்று நாங்கள் சொல்லும் இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அணிக்குப் பதினெட்டு பேர், முட்டை வடிவப் பந்து, கிரிக்கெட் மைதானம் அளவுக்கு நீள்வட்டமான புல்வெளி. இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடு இரண்டு கம்பங்களுக்கிடையே உதைத்தால் கோல், ஆறு புள்ளி. கொஞ்சம் விலகி ஓரக் கம்பத்துக்கு உள்ளே போனால் ஒரே ஒரு புள்ளி. தவறிய உதைக்கும் ஒரு புள்ளி கொடுக்கும் ஆட்டம் இது.

எங்கள் ஒரே கோப்பை அப்படித் தவறிய ஓர் உதையால் வந்தது. 1966 செப்டம்பர் 24, எம்.சி.ஜி. மைதானம், லட்சத்துக்கு மேல் கூட்டம், எதிரே காலிங்வுட். கடைசி நிமிடங்களில் ஸ்கோர் சமம். பாரி ப்ரீன் கூட்டத்துக்குள்ளிருந்து பந்தை எடுத்து உதைக்கிறார். சரியாகப் படாத உதை. பந்து தள்ளாடிக்கொண்டே போய் ஓரக் கம்பங்களுக்குள் விழுகிறது. 74க்கு 73. பெரியவர் அன்று பதினாலு வயதுப் பையன். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலிருந்து பந்து தெரியவில்லையாம். முன்னால் நின்றவர்களின் தோள்கள் எழும்பியதைப் பார்த்துத்தான் தெரிந்ததாம். அந்தப் பக்கத்தின் கடைசி வரியில் அவருடைய அப்பா மற்ற வரிகளைப் போலவே சின்ன எழுத்தில் ஸ்கோரை மட்டும் எழுதியிருக்கிறார். பக்கத்தில் பென்சிலால் ஒரு சிறு டிக். அறுபது வருஷப் பேரேட்டில் அந்த ஒரு டிக்தான்.

அந்த ஆலன் ஜீன்ஸ் ஒரு போலீஸ்காரர். வேலையிலிருந்துகொண்டே கோச்சாக இருந்தார். 1961ல் வந்தவருக்குக் கோப்பை கிடைக்க ஆறு சீசன் ஆனது. அதற்கு முந்தைய வருஷம், 1965ல், இறுதி ஆட்டத்தில் எஸ்ஸென்டனிடம் தோற்றார். தோற்றுவிட்டாரே என்று அன்று யாரும் அவரை அனுப்பவில்லை. அடுத்த வருஷம் கோப்பை. பிற்காலத்தில் அதே மனிதர் ஹாதார்னுக்குப் போய் 1983, 1986, 1989 என்று மூன்று கோப்பை வாங்கிக்கொடுத்தார். அதைப் பேசும்போது பெரியவர் எப்போதும் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்.

எங்கள் கிளப்பின் சின்னத்தில் லத்தீனில் ஒரு வாசகம் உண்டு. விசுவாசத்தால் வலிமை என்று அர்த்தம். நான் மெம்பரான முதல் வருஷத்திலிருந்து அந்த வாசகம் பொறித்த மஃப்ளரைத்தான் சுற்றிக்கொண்டு போகிறேன். இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்று: விசுவாசம் முழுவதும் கேலரியில் இருக்கிறது. போர்டு அறையில் அது எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது.

பேரேட்டைப் புரட்டினால் போதும். 1980ல் இரண்டே ஆட்டம் முடிந்ததும் கோச் மாற்றம். ஒரே பக்கத்தில் இரண்டு பெயர். 1984லும் இரண்டு பெயர். அந்தக் காலத்தில் கிளப் கடனில் மூழ்கியிருந்தது. ஆட்டக்காரர்களுக்குச் சேர வேண்டிய பாக்கியில் ஒரு சிறு பங்கை மட்டும் வாங்கிக்கொண்டு, கிளப் இருந்தால் போதும் என்று அவர்கள் விட்டுக்கொடுத்தார்கள். ட்ரெவர் பார்க்கர் அந்த வருஷங்களின் ஆட்டக்காரர். 1975 முதல் 1989 வரை 230 ஆட்டம். பிளேஆஃப் கட்டத்தை இங்கே ஃபைனல்ஸ் என்பார்கள்; அந்த 230ல் ஒன்றுகூட ஃபைனல்ஸ் ஆட்டம் இல்லை. வேறு கிளப்புக்குப் போயிருக்கலாம், போகவில்லை. 39 வயதில் புற்றுநோயில் இறந்தார். எங்கள் கிளப்பின் சிறந்த ஆட்டக்காரர் விருது இன்று அவர் பெயரில் இருக்கிறது. விருதுக்கு அவர் பெயரை வைத்தவர்கள் அவருடைய பொறுமையில் கொஞ்சத்தையும் எடுத்துக்கொண்டிருக்கலாம்.

1997ல் ஸ்டான் ஆல்வ்ஸ் அணியை இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுபோனார். அடிலெய்டிடம் 31 புள்ளியில் தோல்வி. அடுத்த வருஷமும் ஃபைனல்ஸ், இரண்டு ஆட்டத்திலும் தோல்வி. அந்த வருஷ முடிவில் அவரை அனுப்பிவிட்டார்கள். 2001ல் மால்கம் ப்ளைட்டை ஓய்விலிருந்து அழைத்துவந்தார்கள். 1997ல் அடிலெய்டு எங்களைத் தோற்கடித்தபோது அந்த அணியின் கோச் அவர்தான். பதினைந்தே ஆட்டத்தில் அவரும் போனார். அந்தப் பக்கத்திலும் இரண்டு பெயர், இரண்டாவது க்ரான்ட் தாமஸ். அவர் 2004, 2005 இரண்டு வருஷமும் இறுதி ஆட்டத்துக்கு ஒரு படி கீழே வரை கொண்டுபோனார். 2006 முடிவில் அவர் பெயர் மேலும் சிவப்புக் கோடு.

அதே 2006ல் ஒரு மணி நேர ரயில் தூரத்தில் ஜீலாங் கிளப்பும் அதே இடத்தில்தான் நின்றது. மார்க் தாம்சன் அங்கே ஏழு வருஷமாகக் கோச். கோப்பை இல்லை, அந்த சீசனில் ஃபைனல்ஸும் இல்லை. அனுப்பச் சொல்லி ஊரே கூச்சல் போட்டது. அவர்கள் கிளப்பை மேலிருந்து கீழ்வரை அலசிப் பார்த்தார்கள், எங்கே ஓட்டை என்று கண்டுபிடித்தார்கள், கோச்சை வைத்துக்கொண்டார்கள். 2007ல் 44 வருஷத்துக்குப் பிறகு கோப்பை. 2009ல் இன்னொன்று.

அந்த 2009 கோப்பைக்கு எதிரே நின்றது நாங்கள்தான். அந்த சீசனில் முதல் 19 ஆட்டங்களும் எங்களுக்கு வெற்றி. அப்படி ஒரு அணி எங்களுக்கு வாய்த்ததே இல்லை. இறுதி ஆட்டத்தில் ஒன்பது கோல், பதினாலு ஒற்றைப் புள்ளி. உதைத்த உதைகள் எங்களுடையவை அதிகம், உள்ளே போனவை அவர்களுடையவை. பன்னிரண்டு புள்ளியில் போனது. அடுத்த வருஷம் காலிங்வுட்டுடன் இறுதி ஆட்டம் 68க்கு 68 என்று சமத்தில் முடிந்தது. கடைசி நிமிடங்களில் கோலுக்கு முன்னால் உருண்ட பந்தைத் துரத்தி ஸ்டீவன் மில்ன் ஓடுகிறார். பந்து ஒருமுறை குதித்து நேராக வந்திருந்தால் அவர் கைக்குள். அது விலகிக் குதித்தது. நான் அன்று எம்.சி.ஜி.யில் இருந்தேன். லட்சம் பேர் ஒரு மூச்சை உள்ளே இழுத்து வெளியே விடாமல் நிற்கும் சத்தத்தை அன்றைக்குத்தான் கேட்டேன். அடுத்த வாரம் மறுபடி ஆடினார்கள். 56 புள்ளியில் தோற்றோம்.

பந்து எப்படிக் குதிக்கும் என்பது யார் கையிலும் இல்லை. அதற்காக யாரையும் குறை சொல்லவில்லை. அதற்குப் பின் நடந்தவற்றைப் பற்றித்தான் என் கோபம். 2011ல் கோச் ராஸ் லயன் திடீரென்று ஃப்ரீமான்டிலுக்குப் போனார். அந்தப் பெயரின் மேல் பெரியவர் போட்ட கோடு அழுத்தத்தில் தாளைக் கிழித்து அடுத்த பக்கம்வரை இறங்கியிருக்கிறது. ஸ்காட் வாட்டர்ஸ் வந்தார், இரண்டே சீசன். ஆட்டக்காரர்களில் ப்ரென்டன் காடர்ட் போனார், நிக் டால் சான்டோ போனார். பென் மெக்எவாயை ஹாதார்னுக்கு மாற்றிக் கொடுத்தார்கள், அவர் அங்கே போய் 2014, 2015 இரண்டு கோப்பையைக் கையில் ஏந்தினார். அடுத்த தலைமுறையை இளைஞர்களை வைத்துக் கட்டுகிறோம் என்றார்கள். சரி என்று காத்திருந்தோம்.

இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை இங்கே டிராஃப்ட் என்பார்கள். போன சீசனில் கடைசியாக வந்த அணிக்கு நாட்டின் சிறந்த பதினெட்டு வயதுப் பையனை முதலில் எடுக்கும் உரிமை. எல்லா அணிக்கும் ஒரே சம்பள வரம்பு. பதினெட்டு கிளப் என்றால் ஆளுக்குப் பதினெட்டு வருஷத்துக்கு ஒரு கோப்பையாவது சுற்றி வர வேண்டும் என்ற எண்ணத்தில் அமைத்த ஏற்பாடு. 1897ல் லீக் தொடங்கிய எட்டு கிளப்புகளில் எங்களுடையதும் ஒன்று. கடைசி இடத்தை இங்கே மரக்கரண்டி என்பார்கள். எங்களிடம் 27 மரக்கரண்டி, ஒரு கோப்பை. 2013ல் மூன்றாவது தேர்வு எங்கள் கையில் இருந்தது, ஜாக் பில்லிங்ஸை எடுத்தோம். நான்காவதாக வெஸ்டர்ன் புல்டாக்ஸ் எடுத்தது மார்கஸ் பான்டெம்பெல்லியை. 2014ல் முதல் தேர்வே எங்களுடையது, பேடி மெக்கார்ட்டின். இரண்டாவதாக, மெல்போர்ன் என்றே பெயருள்ள கிளப் எடுத்தது க்றிஸ்டியன் பெட்ராக்காவை. 2021ல் மெல்போர்ன் கோப்பை வென்றபோது இறுதி ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரர் அவர்.

இதில் பையன்கள்மேல் எனக்குத் துளிக் கோபம் இல்லை. மெக்கார்ட்டின் தலையில் அடிமேல் அடி வாங்கி, இருபத்திரண்டு வயதில் ஆட முடியாமல் உட்கார்ந்தபோது எங்கள் கேலரியில் ஒருவர்கூட அவரைப் பற்றித் தவறாகப் பேசி நான் கேட்டதில்லை. இரண்டு தேர்வு தவறினால் ஒரு கிளப் பத்து வருஷம் விழுந்து கிடக்க வேண்டியதில்லை. தவறிய பிறகு கோச்சை மாற்றி, திட்டத்தை மாற்றி, மறுபடி அஸ்திவாரத்திலிருந்து தோண்டுவதால்தான் பத்து வருஷம் ஆகிறது. ஒவ்வொரு புது கோச்சுக்கும் தனக்கென்று ஒரு ஆட்ட முறை. போன கோச்சுக்காக எடுத்த பையன் புது கோச்சின் முறைக்குள் பொருந்த மாட்டான். அவன் போவான், இன்னொருவன் வருவான், மூன்று வருஷம் போகும்.

இருப்பிடமும் அப்படித்தான் அலைந்தது. 1965 முதல் மூராபின் எங்கள் மைதானம். சேறும் சகதியுமான மைதானம், எங்கள் மைதானம். 1993ல் ஆட்டங்களை வேவர்லிக்குக் கொண்டுபோனார்கள். 2000த்தில் டாக்லேன்ட்ஸ். பயிற்சிக் கூடத்தை மூராபினிலிருந்து தூக்கிச் சீஃபோர்டில் வைத்தார்கள், 2018ல் திரும்ப மூராபினுக்கே கொண்டுவந்தார்கள். நடுவில் நியூசிலாந்தின் வெலிங்டனில் மூன்று வருஷம் ஓர் ஆட்டம், மூன்றிலும் தோல்வி. 2019ல் ஷாங்காயில் ஓர் ஆட்டம், அதிலும் தோல்வி. ஏன் இத்தனை அலைச்சல் என்றால் பணம். டாக்லேன்ட்ஸ் ஒப்பந்தத்தில் மைதானச் செலவு போக மிஞ்சுவது எங்களைப் போன்ற கிளப்புகளுக்குச் சொற்பம். கூட்டம் குறைந்த நாளில் ஆட்டத்தை நடத்தும் கிளப்பே கையிலிருந்து கட்ட வேண்டிய ஆட்டங்களும் இருந்தன. 2016ல் லீக்கே அந்த மைதானத்தை வாங்கிய பிறகு நிலைமை கொஞ்சம் மாறியது. இன்றும் லீக் பிரித்துத் தரும் பணத்தில் அதிகம் வாங்கும் கிளப்புகளில் எங்களுடையதும் ஒன்று. கடன்பட்டவன் பொறுமையாக இருப்பது கஷ்டம் என்பது புரிகிறது. ஆனால் அனுப்பிவைத்த ஒவ்வொரு கோச்சுக்கும் மிச்ச ஒப்பந்தத்துக்குப் பணம் எடுத்துவைக்க வேண்டும். அவசரமும் செலவுதான்.

2022ஐச் சொல்லாமல் இருக்க முடியாது. அந்த வருஷம் ஜூலையில் கோச் ப்ரெட் ராட்டனுக்கு இன்னும் இரண்டு வருஷம் ஒப்பந்தம் நீட்டித்ததாக அறிவிப்பு வந்தது. அக்டோபரில் அவரை நீக்கியதாக இன்னொரு அறிவிப்பு. நடுவில் நூறு நாள்கூட இல்லை. ஃப்ராங்க்ஸ்டன் லைன் ரயிலில் வேலைக்குப் போகும்போது போனில் அதைப் படித்தேன். ரயில் மூராபின் ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தது. அன்று சாயங்காலம் பெரியவர் வீட்டுக்குப் போனேன். அவர் பேரேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, சிவப்புப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, கோடு போடாமல் உட்கார்ந்திருந்தார். தோல்வி அவருக்குப் பழகிப்போனது. ஒரு மனிதருக்கு ஜூலையில் கொடுத்த வார்த்தையை அக்டோபரில் திரும்ப வாங்கியதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

ராட்டனுக்குப் பதில் வந்தவர் ராஸ் லயன். பதினோரு வருஷத்துக்கு முன் விட்டுப்போனவரே.

ரிச்மன்ட் கதையை நான் அடிக்கடி நினைக்கிறேன். அவர்கள் எங்களைவிடச் சத்தம் போடும் கூட்டம். 2016ல் பதிமூன்றாவது இடம். கோச் டேமியன் ஹார்ட்விக்குக்கு அது ஏழாவது வருஷம், ஒரு ஃபைனல்ஸ் ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. போர்டையே கவிழ்க்க ஓர் அணி கிளம்பியது. தலைவர் பெகி ஓநீல் அசையவில்லை. 2017ல் கோப்பை, 37 வருஷத்துக்குப் பிறகு. 2019ல் ஒன்று, 2020ல் ஒன்று. ஹார்ட்விக்கைவிட மோசமான கோச்சுகள் எங்களுக்கு வரவில்லை. அவருக்குத் தொடர்ந்து கிடைத்த எட்டாவது வருஷம் ஜீன்ஸுக்குப் பிறகு எங்களில் யாருக்கும் கிடைக்கவில்லை.

எங்கள் கிளப்புக்கு முதலாளி என்று ஒருவர் கிடையாது. மெம்பர்கள்தான் கிளப். ஐ.பி.எல். பார்த்து வளர்ந்த நண்பர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். எங்கள் மெம்பர்கள் கிட்டத்தட்ட 60,000 பேர், அதில் ஓட்டுரிமை உள்ளவர்கள் போர்டைத் தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வொரு வருஷமும் கடிதம் வரும். பல வருஷம் போட்டியே இருக்காது. அதற்கு முழுக் காரணம் போர்டு என்று சொல்ல மாட்டேன். நாங்களும் தோற்ற வருஷத்தில் கோச்சைப் போகச் சொல்லிக் கத்தினோம். 2006ல் கத்தினவர்களில் நானும் ஒருவன். கேலரியில் கத்துவது ரசிகன் வேலை. அதைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் தூங்கி எழுந்து யோசிக்கத்தான் போர்டை வைத்திருக்கிறோம்.

2025 ஜூலை 27ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மெல்போர்ன் கிளப்புடன் ஆட்டம். மூன்றாவது கால்பகுதி முடிந்தபோது 46 புள்ளி பின்தங்கியிருந்தோம். பக்கத்து வரிசைகள் காலியாகத் தொடங்கின. பெரியவரால் இப்போது படி ஏற முடிவதில்லை என்பதால் சக்கர நாற்காலி வைக்கும் இடத்தில் நாங்கள் மூவரும், அவர், நான், என் மகள். கிளம்பலாமா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, மடியில் விரித்த கம்பளியைச் சரிசெய்துகொண்டார். கோல்மேல் கோல் விழுந்தது. நசாயா வாங்கனீன்-மிலேரா, இருபத்திரண்டு வயதுப் பையன், கடைசி நிமிடத்தில் கோல் போட்டுச் சமமாக்கினான். நடுவிலிருந்து பந்து மறுபடி அவனிடமே வந்தது. பிடித்தான். சைரன் ஊதிய பிறகு நிதானமாக நடந்து வந்து உதைத்தான். ஆறு புள்ளியில் வெற்றி. கடைசிக் கால்பகுதியில் இவ்வளவு தூரத்திலிருந்து எந்த அணியும் லீக் வரலாற்றில் திரும்பி வந்ததில்லை. என் மகள் என் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். பெரியவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

அவன் எங்களுடனேயே இருக்கிறேன் என்று இரண்டு வருஷம் கையெழுத்துப் போட்டிருக்கிறான். கார்ல்டனிலிருந்து டாம் டி கோனிங்கையும் ஜாக் சில்வாக்னியையும் கொண்டுவந்திருக்கிறார்கள். நிறையச் செலவு செய்திருக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. வாங்கியவர்களைச் சேர்த்து அணியாக்க வருஷங்கள் வேண்டும். அந்த வருஷங்களைக் கொடுப்பார்களா என்பது ஒன்றுதான் எனக்குக் கவலை. லயன் 2011ல் போனதை நான் மறக்கவில்லை, அவருடைய ஆட்ட முறையிலும் எனக்குக் குறை உண்டு. இருந்தாலும் 2026ல் பத்து ஆட்டம் தோற்றால் அவரை அனுப்பச் சொல்லி நான் வாய் திறக்க மாட்டேன்.

போன ஞாயிறு பெரியவர் வீட்டுக்குப் போயிருந்தோம். அவருக்கு இப்போது கை நடுங்குகிறது. வரிகள் கோணலாகப் போகின்றன, அது அவருக்குப் பிடிக்கவில்லை. இனி எழுதித் தருகிறாயா என்று என் மகளிடம் கேட்டார். அவள் மேஜைமுன் உட்கார்ந்து புதுப் பக்கத்தில் 2026 என்று எழுதினாள், அதன் கீழே ராஸ் லயன். அடுத்த பக்கத்திலும் எழுது என்றார். 2027, அதே பெயர். அதற்கடுத்த பக்கத்திலும். அவள் என்னைப் பார்த்தாள், பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தாள். அவர் பென்சிலை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டு பேனாவைத் திரும்ப அவள் பக்கம் நகர்த்தினார்.